சிலையின் முதுகு

முதலில் பார்த்தது முதுகைத்தான்.

சிங்கப்பூர் சைனாடவுனில் மழைக்கு ஒதுங்கிய இடம் ஒரு பழம்பொருள் கடை. சும்மா நிற்பது சரியில்லை என்று உள்ளே போனேன். கடைக்காரப் பெரியவர் ஒரு சாண் உயர மரச்சிலை ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் குப்புறக் கிடத்தினார். "தம்பி, பின்னால் பார்" என்றார். அங்குள்ள பழைய தலைமுறைச் சீனர்கள் பலருக்கு 'தம்பி' என்ற சொல் பழக்கம்.

விளக்குப் புகையில் கறுத்துப்போன மரம். முதுகின் நடுவில், தோள்களுக்குச் சற்றுக் கீழே, தீப்பெட்டி அளவுக்கு ஒரு செவ்வகக் கோடு. அவர் நகத்தால் நெம்பினார். சின்ன மூடி ஒன்று கழன்று வந்தது. உள்ளே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி. மூக்கருகே கொண்டுபோனேன். ஊதுபத்தியும் பழைய அலமாரியும் கலந்த வாசனை.

"காலியா இருக்கே அங்கிள்?"

"எனக்கு வரும்போதே காலி. இங்கேதான் அதன் உயிர் இருந்தது" என்றார்.

ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும், சீன மரச்சிலை என்றால் பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்துவிடுகிறேன். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் மனசு கேட்பதில்லை. பாதி சிலையைத்தான் காட்டுகிறார்கள் என்று தோன்றும்.

மரத்தைக் குடைவதற்குத் தச்சர்களுக்கு முதலில் இருந்த காரணம் பக்தி அல்ல. வெட்டிய மரம் வெளிப்புறத்தில் வேகமாகக் காய்ந்து சுருங்கும். உட்புறம் மெதுவாகத்தான் காயும். இந்த இழுபறியில் வெடிப்பு விடும், அதுவும் சரியாக முகத்தின் குறுக்கே விடும். அதனால் பின்னாலிருந்து குடைந்து, நடுத்தண்டை எடுத்துவிட்டு, பலகையால் மூடினார்கள். எடையும் குறைந்தது. பெரிய சிலைகளைப் பல துண்டுகளாகச் செதுக்கி இணைத்தார்கள். ஆனால் கோயிலுக்குப் போகிற ஒரு உருவத்துக்குள் ஒரு வெற்றிடம் கிடைத்துவிட்டால் மனிதர்கள் அதைச் சும்மா விடுவார்களா? அதற்குள் எதை வைப்பது என்ற கேள்வியிலிருந்துதான் இந்தச் சிலைகளின் ஆழமான பொருள் பிறந்தது என்று நினைக்கிறேன்.

சீனப் புத்தர் சிலைகளின் குறியீடுகள் என்று தேடினால் கிடைப்பதெல்லாம் முன்பக்கத்துச் சேதிகள். உச்சியில் உள்ள மேடு ஞானம். புருவ மத்தியில் இருப்பது ஊர்ணை என்ற வெண்சுழி. தொங்கும் காதுமடல்கள் இளவரசனாக இருந்தபோது அணிந்த கனத்த குண்டலங்களின் மிச்சம். உயர்த்திய வலக்கை அபயம், தாழ்ந்த இடக்கை வரதம். தாமரை சேற்றில் முளைத்தாலும் சேறு படாதது. எல்லாம் சரிதான், தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் இவை கல்லுக்கும் வெண்கலத்துக்கும் பொது. மரத்தால் மட்டும் சொல்ல முடிகிற சேதி ஒன்று உண்டா?

உண்டு. அதற்கு உதயணனிடமிருந்து தொடங்க வேண்டும்.

நமக்கு உதயணன் யாழ் வாசித்து யானையை அடக்கியவன், வாசவதத்தையின் காதலன், கொங்குவேளிரின் பெருங்கதை நாயகன். கோசம்பி நகரத்து அரசன். அதே உதயணனுக்குப் பௌத்த மரபில் இன்னொரு கதை இருக்கிறது. சீனாவிலும் ஜப்பானிலும் அவனை அறிந்திருப்பது அந்தக் கதையால்தான்.

புத்தர் தம்மைப் பெற்ற சில நாட்களிலேயே இறந்துபோன தாய் மாயாதேவிக்கு அறம் சொல்வதற்காக முப்பத்துமூவர் தேவலோகத்துக்குப் போய்விடுகிறார். மூன்று மாதம் பூமியில் அவர் இல்லை. உதயணனால் அந்தப் பிரிவைத் தாங்க முடியவில்லை. புத்தரின் உருவத்தைச் செய்து வைத்துக்கொள்ள விரும்புகிறான். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் தம் சித்தியால் சிற்பிகளை மேலுலகத்துக்கு அழைத்துப்போய் அங்க அடையாளங்களைப் பார்த்துவரச் செய்கிறார். முப்பத்திரண்டு அடையாளம், முப்பத்திரண்டு சிற்பி என்றும் ஒரு வடிவம் உண்டு. சந்தன மரத்தில் சிலை உருவாகிறது. புத்தர் திரும்பி வந்தபோது அந்தச் சிலை எழுந்து எதிர்கொண்டு வணங்கியது. எனக்குப் பிறகு மக்களுக்கு வழிகாட்டும் வேலை உன்னுடையது என்று புத்தர் அதனிடம் சொன்னார்.

இந்தக் கதைப்படி புத்தரின் முதல் உருவமே மரம்தான். அதுவும் அவர் இல்லாத நாட்களில், ஏக்கத்தில் செய்தது. அதனால் பௌத்தக் கலையில் மரத்துக்கு ஒரு மூத்த பிள்ளையின் இடம் உண்டு. வரலாற்றாசிரியர்கள் கதையை அப்படியே ஏற்பதில்லை. மனித உருவில் புத்தர் சிலைகள் பல நூற்றாண்டுகள் கழித்தே கிடைக்கின்றன. ஆனாலும் சீனச் சிற்பிகளின் கையை நடத்தியது இந்தக் கதை. 7ஆம் நூற்றாண்டில் கோசம்பிக்குப் போன யுவான் சுவாங் அந்தச் சிலையைக் கண்டதாக எழுதியிருக்கிறார். பல நாட்டு அரசர்கள் தூக்கிப்போக முயன்றும் அதை அசைக்க முடியவில்லை, அதனால் அதற்கு நகல் செய்து வழிபட்டார்கள் என்கிறார். 645இல் அவர் சீனா திரும்பியபோது கொண்டுவந்த ஏழு உருவங்களில் அதன் சந்தன நகலும் ஒன்று.

சீனாவில் சந்தனம் இயற்கையாக விளைவதில்லை. தெற்கிலிருந்து கடல் வழியாக வர வேண்டிய பொருள் அது. சொல்லும் கூடவே போயிருக்கிறது: சீன பௌத்த நூல்களில் சந்தனம் 'ஜான்தான்'. கிடைத்த சின்னக் கட்டைகளில் சிறு உருவங்களை நுணுக்கமாகச் செதுக்கினார்கள். வாசனையும் நிறமும் மறைந்துவிடக் கூடாது என்று அவற்றுக்குப் பெரும்பாலும் வண்ணம் பூசுவதில்லை. ஆளுயரச் சிலைக்கு உள்ளூர் மரம்தான்.

அப்படி ஒரு ஆளுயரச் சிலை பிழைத்திருக்கிறது. இருப்பது ஜப்பானில், கியோட்டோவின் மேற்குக் கோடியில், செய்ரியோஜி கோயிலில்.

சோனென் என்ற ஜப்பானியத் துறவி 983இல் சீனாவுக்குப் போனார். சோங் பேரரசின் தலைநகரில் உதயணன் சிலை என்று போற்றப்பட்ட உருவத்தை வணங்கினார். ஊர் திரும்பும் வழியில், 985இல், கடற்கரைப் பகுதியான தைசோவில் அதற்கு ஒரு நகல் செய்வித்தார். செதுக்கியவர்கள் ஜாங் யான்ஜியாவ், ஜாங் யான்சி என்ற அண்ணன் தம்பி. மரம் சீனச் செர்ரி. உயரம் 160 சென்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு மாதத்தில் வேலையை முடித்திருக்கிறார்கள்.

வலக்கை அபயம், இடக்கை வரதம். இரண்டு தோளையும் மூடிய ஆடை. தண்ணீரில் கல் போட்டால் பரவுகிற வட்டங்களைப் போல அதன் மடிப்புகள் மார்பிலிருந்து கீழே இறங்குகின்றன. தலைமுடி, வழக்கமான சுருள் குமிழ்களாக இல்லாமல், கயிற்றைத் திரித்துச் சுற்றி வைத்ததுபோல் இருக்கிறது. சீனாவில் 10ஆம் நூற்றாண்டில் யாரும் இப்படிச் செதுக்கிக்கொண்டிருக்கவில்லை. இது பல நூற்றாண்டுகளுக்கு முந்திய இந்திய, நடு ஆசியப் பாணி. சகோதரர்கள் தங்கள் காலத்து ருசியை ஒதுக்கிவைத்துவிட்டு மூலத்துக்கு விசுவாசமாக உளி பிடித்தார்கள். அந்த ஆடை மடிப்பே ஒரு குறியீடு: நான் கற்பனை அல்ல, பார்த்துச் செய்த உருவம் என்பதே அதன் சேதி.

இதெல்லாம் முன்பக்கம். 1954இல் முதுகுப் பலகையைத் திறந்தார்கள்.

உள்ளே பட்டுத்துணியில் தைத்த உள்ளுறுப்புகள் இருந்தன. இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், வயிறு, குடல். வெவ்வேறு நிறப் பட்டில், பஞ்சு திணித்து, கயிறு கட்டி, கிட்டத்தட்ட அது அது இருக்க வேண்டிய இடத்தில் அது அது. தைசோவின் பிக்குணிகள் தைத்துக் கொடுத்தவை. உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய உள்ளுறுப்பு மாதிரிகளில் இதுவும் ஒன்று. யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று ஒரு பட்டியல் கூடவே இருந்தது. நாணயங்கள், சூத்திர ஏடுகள், 984 என்று ஆண்டு குறித்த, வருங்காலப் புத்தரான மைத்ரேயரின் அச்சுப்படம், முகம் பார்க்கும் கண்ணாடிகள், மணிகள் என்று ஒரு வீட்டுப் பரணே உள்ளே இருந்தது.

என்னை உலுக்கியது இரண்டு தாள்கள். ஒன்று சோனென் பிறந்தபோது எழுதிவைத்த பிறப்புக் குறிப்பு. பிறந்த நாளைக் குறித்த அந்தச் சின்னக் காகிதத்தை நாற்பது வயது தாண்டிய ஒரு துறவி கடல் கடந்து எடுத்துப்போயிருக்கிறார். இன்னொன்று 972இல் அவரும் கிசோ என்ற நண்பரும் சேர்ந்து கோயில் கட்டுவோம் என்று கைப்பதிவு வைத்து எழுதிக்கொண்ட உறுதிமொழி. இரண்டையும் புத்தரின் வயிற்றுக்குள் வைத்து மூடியிருக்கிறார். சீனாவில் செதுக்கி, உதயணனின் ஏக்கத்தை நகலெடுத்த ஒரு உடம்புக்குள் தன் பிறப்பையும் தன் நட்பையும் அவர் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பட்டியலில் இன்னொரு வரி இருக்கிறது. புத்தரின் பல் தாதுவை, அதாவது அவருடைய உடல் எச்சம் என்று போற்றப்பட்ட பல்லை, சிலையின் முகத்துக்குள் வைத்த அன்று முதுகில் ஒரு துளி ரத்தம் தென்பட்டதாம். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லாரும் பார்த்தோம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். மரப்பிசினாக இருக்கலாம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். நான் அப்படிக் கடக்க விரும்பவில்லை. அங்கே நின்றவர்கள் மரத்தை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. குடல் தைத்து வைத்தவர்களுக்கு ரத்தம் தெரியாமல் எப்படி இருக்கும்?

நான் போனபோது கோயிலில் அந்தப் பட்டு உறுப்புகளின் மாதிரியைக் கண்ணாடிக்குள் வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு பாட்டி அதைப் பார்த்துவிட்டுத் தன் வயிற்றை மெல்லத் தொட்டுக்கொண்டார். அவருக்கு என்ன உடம்பு என்று கேட்கும் அளவுக்கு எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. இருவரும் தலை குனிந்து வணங்கிவிட்டு நகர்ந்தோம்.

ஜப்பானில் ஒரு நம்பிக்கை உண்டு. சோனென் புறப்படும் முன்பு மூலச் சிலையே தான் அவருடன் வருவதாகச் சொல்ல, நகலும் மூலமும் இடம் மாறிவிட்டன என்பது கதை. அதனால் இந்தியா, சீனா, ஜப்பான் என்று மூன்று நாடு கண்ட புத்தர் என்று அதைச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் அதைப் பார்த்து நூறு வாக்கில் நகல்கள் செய்திருக்கிறார்கள். நகல் என்றால் மட்டம் என்று நினைத்து வளர்ந்தவன் நான். இங்கே நகல்தான் பரம்பரை. தீயிலும் கரையானிலும் அழியக்கூடிய மரத்துக்கு வாழ வேறு வழியும் இல்லை.

அந்த முதுகுக்குள் இருந்த கண்ணாடிகளில் ஒன்றில் ஒரு உருவம் கீறியிருக்கிறார்கள்: நீர்நிலவுக் குவான்யின். வட்டமான கண்ணாடியே நிலவாகிவிடுகிறது. குவான்யின் என்பது கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரின் சீனப் பெயர். உலகத்தின் ஓலத்தைக் கவனிப்பவர் என்று பொருள். சீன மர உருவங்களில் உலகம் முழுக்கப் பேசப்படுபவை பெரும்பாலும் புத்தருடையவை அல்ல, இவருடையவை.

அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் குவான்யினுக்கு 241 சென்டிமீட்டர் உயரம். 11 அல்லது 12ஆம் நூற்றாண்டு வேலை. வலது முழங்காலை உயர்த்தி, அதன்மேல் கையை லேசாகத் தொங்கவிட்டு, இடது காலைக் கீழே இறக்கி உட்கார்ந்திருக்கிறார். மகாராஜலீலாசனம் என்பார்கள். அரசனுடைய ஓய்வு என்று மட்டும் விளக்கம் சொல்வது எனக்குப் போதவில்லை. அந்தக் கால் இறங்கியிருப்பதைப் பாருங்கள். யாராவது கூப்பிட்டால் எழுந்து வருவதற்கு ஒரு கால் ஏற்கெனவே கீழே வந்துவிட்டது. எதிரே தண்ணீர், அதில் நிலவு. பார்க்கலாம், அள்ள முடியாது. நிலையாமை பற்றிய சேதி அது. நிலையாமையைப் பார்த்துக்கொண்டே உதவிக்கும் தயாராக இருக்கிற ஒருவர்.

இந்த வகைச் சிலைகள் சில வில்லோ மரத்தில் செய்தவை. கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்தக் குடும்பத்து மரம். குவான்யின் கையில் பிடிக்கும் கிளையும் வில்லோதான். அதை நீரில் தோய்த்துத் தெளித்து நோய் தீர்ப்பார் என்பது நம்பிக்கை. மருந்துக் கிளை எந்த மரமோ அந்த மரத்திலேயே மருத்துவரின் உடம்பு. சிற்பிக்கு அது வடக்குச் சீனத்தில் எளிதாகக் கிடைத்த மென்மரமாகவும் இருந்திருக்கும். கும்பிட்டவர்களுக்கு இரண்டும் பொருந்திப்போனது.

அவர் உட்கார்ந்திருக்கும் பாறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. அது தென்கடலோரத்துப் பொதாலக மலை. யுவான் சுவாங் அதை மலயகூட நாட்டில், மலய மலைக்குக் கிழக்கே வைக்கிறார். ஆபத்தான பாதை, உச்சியில் ஏரி, அதிலிருந்து இறங்கி மலையைச் சுற்றித் தென்கடலில் கலக்கும் ஆறு. மலயகூடம் பாண்டிய நாட்டுப் பக்கம். பொதாலகம் நம் பொதிகை மலைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. 11ஆம் நூற்றாண்டில் பௌத்தரான புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்ததே அவலோகிதனிடம்தான் என்கிறது. அகத்தியரின் மலை எது என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. சீனத்துக் கடலில் உள்ள பூட்டோ தீவும் லாசாவின் பொதாலா அரண்மனையும் பெயர் வாங்கியது இந்த மலையிடம்தான். கன்சாஸ் சிட்டிச் சிலையின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாபநாசத்து அருவிச் சத்தம் கேட்கிறது. அது என் காது, சரி. ஆனால் தொடர்பு மெய்.

வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம். இன்று நாம் ரசிக்கிற வெறும் மர நிறம் பல சிலைகளுக்குச் சொந்தமானதல்ல. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் குவான்யின் 1200 வாக்கில் செய்தது. ஆராய்ந்தபோது அதன்மேல் பூச்சுக்குமேல் பூச்சு இருந்தது தெரிந்தது. முதலில் பல நிறங்களில் பளிச்சென்று இருந்திருக்கிறது, மிங் அரச மரபின் காலத்தில் வெண்கலம்போல் தெரியப் பொன் பூசியிருக்கிறார்கள். ஒவ்வொரு பூச்சும் ஒரு தலைமுறையின் புண்ணியம், யாரோ காசு சேர்த்துச் செய்தது. கருவிழியைத் தீட்டி உயிர் கொடுக்கும் சடங்கும் தூரிகையால்தான். அதைக் 'கை குவாங்', ஒளி திறத்தல் என்கிறார்கள். ஒரே ஒரு மூல நிறத்தைத் தேடி மற்றதையெல்லாம் சுரண்டுவது எனக்கு உவப்பில்லை.

இதற்கெல்லாம் எதிர்க்குரல் சீனாவிலேயே உண்டு. தாங் அரச மரபின் காலத்துச் சான் (ஜென்) பிரிவுத் துறவி தான்ஷியா, ஒரு குளிர்நாளில் கோயிலில் இருந்த மரப் புத்தரை எரித்துக் குளிர் காய்ந்தாராம். கோயில்காரர் பதறினார். "தாது கிடைக்குமா என்று சாம்பலில் தேடுகிறேன்" என்றார் தான்ஷியா. "மரத்தில் ஏது தாது?" "அப்படியென்றால் அந்த இரண்டு சிலைகளையும் கொடுங்கள், எரிக்கலாம்." நம் சித்தர்கள் கேட்கக்கூடிய கேள்விதான். பல நாள் இந்தக் கதை என்னை மடக்கி வைத்திருந்தது. பிறகுதான் ஒன்று உறைத்தது. இந்தக் கதையும் சிலைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறது. எரித்தவருக்கும் பட்டு இதயம் தைத்தவர்களுக்கும் கேள்வி ஒன்றுதான். முகத்தைப் பார்த்து நின்றுவிட இரு தரப்புக்கும் மனமில்லை.

நான் கையில் வைத்துப் பார்த்த அந்தச் சிங்கப்பூர்ச் சிலை கோயிலுடையது அல்ல, வீட்டுச் சிலை. ஹூனான் பக்கத்தது என்றார் பெரியவர். அந்த மாகாணத்துக் குடும்பங்கள் வீட்டுப் பூஜைக்குச் செய்துகொண்ட சின்னச் சிலைகள் ஆயிரக்கணக்கில் ஆய்வாளர்கள் கைக்கு வந்திருக்கின்றன. முதுகுக் குழிக்குள் மூலிகை, தானியம், காசு, நூல், கூடவே மடித்த ஒரு தாள் இருக்கும். எந்த ஊர், எந்தக் குடும்பம், யார் யார் பெயரில், என்ன வேண்டி, எந்த நாளில் இந்தச் சிலையைச் செய்வித்தோம் என்று அந்தத் தாளில் எழுதியிருப்பார்கள். மகனுக்கு உடம்பு சரியாக வேண்டும், ஆடு மாடு பெருக வேண்டும், வீட்டில் சண்டை வரக்கூடாது. அரசவை வரலாற்றில் இடம் கிடைக்காத மனிதர்களின் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன. விற்கும் முன்பு பலர் அவற்றை எடுத்துவிடுகிறார்கள். தாள் தனியாக, சிலை தனியாகப் போய்விட்டால் இரண்டையும் மறுபடி சேர்க்க முடிவதில்லை.

"அந்தத் தாள் எங்கே போயிருக்கும் அங்கிள்?" என்று கேட்டேன்.

"எரித்திருப்பார்கள். சாமியை அனுப்பிவைத்துவிட்டுத்தான் விற்பார்கள். நல்ல குடும்பம் என்றால்."

வாங்கி வந்தேன். அலமாரியில் சுவரைப் பார்க்காமல், பக்கவாட்டில் வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு முகமும் முதுகும் தெரிய வேண்டும். உள்ளே ஏதாவது எழுதி வையேன் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். பேனாவும் எடுத்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அந்த இடம் வேறு ஒரு வீட்டுக்காரர்களுடையது.

அன்று மூடியைக் கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கவனித்தேன். குழியின் மேல் மூலையில், உளி பட்ட தடத்துக்குள், ஒரே ஒரு நெல் உமி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் மூடியைப் பொருத்தினேன்.